புள்ளி முப்பத்தெட்டு

கணினித் திரையை எங்கள் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள் கடன் பிரிவில் இருந்த பெண். பதினைந்து வருடத் தவணைகள் வரிசையாக இறங்கி வந்தன, எல்லாம் முழு எண்கள். கடைசியில், நிலுவை என்ற சொல்லுக்கு எதிரே 0.38 என்று இருந்தது. நான் முதலில் அதை ஏதோ பக்க எண் என்றுதான் நினைத்தேன். என் கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். கிட்டத்தில் எதைப் பார்ப்பதென்றாலும் அவருக்கு இந்தச் சர்க்கஸ் வேண்டும். கட்டிய மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், அவளிடம் சொல்லி ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்று இன்றுவரை அவருக்குத் தோன்றியதில்லை.

"இது இருக்கறதால கணக்கை மூட முடியலை சார்," என்றாள் அந்தப் பெண். "பூஜ்யம் வந்தாத்தான் மூடற பட்டனே திரையில வரும். கணக்கை மூடினாத்தான் உங்க வீட்டுப் பத்திரம் வெளிய வரும்."

"எவ்வளவு நிக்குது?"

"புள்ளி மூணு எட்டு."

"புள்ளி முப்பத்தெட்டா!" என்று அவர் சிரித்தார். சட்டைப் பையில் துழாவி ஒற்றை ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினார். "இந்தாங்க. மிச்சத்தை நீங்களே வச்சுக்கங்க."

அவள் நாணயத்தைத் தொடவில்லை. ஒன்று கட்டினால் கணக்கு மைனஸ் புள்ளி ஆறு இரண்டு ஆகிவிடும், அப்போது வங்கி எங்களுக்குப் பாக்கி என்று விளக்கினாள். ஒன்றுக்குக் கீழே நாணயமே இப்போது புழக்கத்தில் இல்லை. எதைத் திருப்பித் தருவது? "போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் கோபத்துல ஒண்ணு கட்டிட்டுப் போனார். அவரோட ஃபைல் இன்னும் அந்த அலமாரியிலதான் இருக்கு." நாங்கள் இருவரும் அலமாரியைப் பார்த்தோம். இரும்பு அலமாரி. கதவில் யாரோ பழைய நாட்காட்டி ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

"அப்ப அந்த முப்பத்தெட்டை மட்டும் எப்படிக் கட்டறது?" என்று நான் கேட்டேன்.

"ரொக்கமா வாங்க முடியாது மேடம். மெஷின்ல போட்டாலும், வேற பேங்க்ல இருந்து அனுப்பினாலும் ஒண்ணுக்குக் குறைஞ்சு எடுக்காது. புள்ளியை மட்டும் எப்படி வாங்கறதுன்னு எனக்கும் தெரியலை. மேல எழுதிக் கேக்கறேன்."

அவர் நாணயத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "எழுதட்டும், வந்துடும். என்ன அவசரம்?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு என்ன அவசரம் என்பது அவருக்குத் தெரியும்.

எங்களுக்குள் இருந்த ஏற்பாடு இதுதான்: கடன் முடிந்ததும் பத்திரம் வரும், பத்திரம் வந்ததும் வீட்டை விற்பது, ஆளுக்குப் பாதி, அவர் வழி அவருக்கு, என் வழி எனக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் இதை முடிவு செய்தோம். சண்டை ஒன்றும் இல்லை. அவர் நாற்காலியில் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இப்படியே எத்தனை நாளைக்குங்க?" என்று நான் கேட்டேன். மின்விசிறியைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் முதலில் நினைத்தார். புரிந்த பிறகு மூன்றாவது இறக்கையையும் துடைத்து முடித்துவிட்டு, "கடன் முடியட்டும்" என்றார். சரி என்று நானும் சொன்னேன். இரண்டு பேர் பெயரிலும் வாங்கிய கடன், இரண்டு பேர் பெயரிலும் இருக்கிற வீடு. நான் முன்னால் கிளம்பிவிட்டால் அவர் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே காலத்தை ஓட்டிவிடுவார் என்று எனக்குப் பயம். அதனால் பத்திரம் கையில் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, காகிதக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். ஒற்றை ஜன்னல், ஒரு சின்ன அடுப்பு மேடை, துணி உலர்த்தக் கைப்பிடிச் சுவர். என் சம்பளத்தில் வாடகை கொடுத்துச் சாப்பிட்டு மிச்சம் கொஞ்சம் நிற்கும். முன்பணத்தில் பாதி கொடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் சாவி வாங்கிக்கொள்ளாவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று காகிதக் கடைக்காரர் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலி அறையை எத்தனை நாள் பூட்டி வைத்திருப்பார்? தினமும் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் நடப்பேன். ஜன்னல் மூடியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் தரைக்கல் கடையில் அளவு எடுக்கிறவர். வீடு கட்டுகிறவர்கள் கூப்பிடுவார்கள், போய் அளந்து எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். ஏழே கால் பெட்டி வந்தால் எட்டு என்று எழுத மாட்டார், "உடையும், வெட்டும்போது போகும்" என்று ஒன்பது எழுதுவார். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அவை சொற்ப விலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். கூடத்தில் மூன்று நிறம், சமையலறையில் இரண்டு, குளியலறையில் எவர் வீட்டுப் பூஜையறைக்கோ வாங்கிய பூப்போட்ட கல். வாசலில் கதவுக்கும் படிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அதற்கு வெள்ளைக்கல் ஒன்றைப் பாதியாக வெட்டிப் பொருத்தினார். அந்த அரைக்கல் மட்டும் எந்தக் காலத்திலும் வெதுவெதுப்பாக இருந்ததே இல்லை. ஊரார் கணக்கில் மிஞ்சியதன் மேல்தான் இத்தனை வருடமும் நடந்துகொண்டிருக்கிறோம்.

கல் என்றால் மேலே ஏற்றுவார், காசு கொடுப்பதென்றால் கீழே இறக்குவார், அதுதான் அவர் கணக்கு. அவருக்குப் பிடித்த சொல் 'ரவுண்டா'. வண்டிக்காரர் கேட்டாலும், காய்கறிக்காரர் கேட்டாலும், "ரவுண்டா வச்சுக்கங்க" என்று புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கழற்றிவிடுவார். கடன் வாங்கிய புதிதில் தவணைத் தொகையில் புள்ளியும் இரண்டு எண்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் வங்கியில் போய், "சில்லறை எதுக்கு, முழுசாப் போட்டுடுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். விட்டதையெல்லாம் சேர்த்துக் கடைசித் தவணையில் வசூலித்துக்கொள்வார்கள் என்று அன்றே சொன்னார்களாம். கடைசித் தவணை என்பது அன்றைக்கு எங்கோ இருந்தது.

ஆட்களையும் அப்படித்தான் கணக்கு வைப்பார். எனக்கு நாற்பத்தேழு வயது. யாராவது கேட்டால் "அம்பது" என்பார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆனபோது, "இருபது வருஷமா இவ கையாலதான் சாப்பிடறேன்" என்று என் அக்காவிடம் பெருமை பேசினார். அந்த இரண்டு வருடத்துச் சமையலை நான் எங்கே போய்ச் செய்வேன் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். நான் வேடிக்கையாகத்தான் கேட்டேன், ஆனால் முழுக்க வேடிக்கை இல்லை.

ஒரு வாரம் கழித்து மதிய இடைவேளையில் நான் மட்டும் வங்கிக்குப் போனேன். மேலே இருந்து பதில் வரவில்லை. கடன் பிரிவுப் பெண் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு எனக்காகத் திரையைத் திறந்தாள். கண்களைச் சுருக்கிப் பார்த்தாள். இவளுக்கு வலது கண்ணில் அரை வரைக்கும் பவர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் தொழில் புத்தி அப்படி. பவர் பார்க்க எங்களிடம் இருக்கிற கண்ணாடிச் சில்லுகள் கால், அரை, முக்கால், ஒன்று என்று கால் காலாகத்தான் ஏறும். ஆண்டவன் கண்ணைக் கால் காலாகப் படைக்கவில்லை, ஆனாலும் வருகிறவர்கள் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். புள்ளி முப்பத்தெட்டுக்கு எங்கள் பெட்டியில் சில்லு கிடையாது. காலுக்கும் அரைக்கும் சரியாக நடுவில் மாட்டிக்கொள்ளும்.

"வட்டி ஏறுமில்ல?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த கணக்கை வைத்து ஒரு வழி யோசித்திருந்தேன். "வட்டி ஏறி ஏறி இது புள்ளி அஞ்சு ஆச்சுன்னா, ரவுண்டு பண்ணி ஒண்ணாக்கிடலாமே. ஒண்ணுன்னா கட்டிடலாமில்ல?"

அவள் பாவம், உடனே கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள். "மாசத்துக்குப் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூணு கூட வரலை மேடம். சிஸ்டம் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண்தான் வச்சுக்கும். அதுக்கு மேல வர்றது பாதிக்குக் கீழ இருந்தா பூஜ்யமாக்கிடும்."

"அடுத்த மாசம் சேத்துக்காதா?"

"சேக்காது. ஒவ்வொரு மாசமும் புதுசாக் கணக்குப் போடும், ஒவ்வொரு மாசமும் பூஜ்யமாக்கிடும்."

"அப்ப இது?"

"இப்படியே இருக்கும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கடைசித் தவணை கட்ட வந்த அன்னிக்கே சார்கிட்ட சொன்னேன்," என்றாள்.

"என்னன்னு?"

"கடைசித் தவணை எட்டாயிரத்து இருநூத்திப் பதினாலு புள்ளி மூணு எட்டு. உங்க வேற பேங்க் கணக்குல இருந்து புள்ளியோட அனுப்பிடுங்க சார், இன்னிக்குள்ள அனுப்பினா முழுத்தவணையா எடுத்துக்கும்னு சொன்னேன். அவர் எட்டாயிரத்து இருநூத்திப் பதினாலை மட்டும் எண்ணி வச்சுட்டு, மிச்சம் தானா உதிர்ந்துடும்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

கடைக்குத் திரும்பி நடக்கும்போது எனக்கு அவள் சொன்ன வட்டிக் கணக்குத்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கணக்குப் போட்டு ஒவ்வொரு மாதமும் பூஜ்யமாக்குவது. இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது, எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காய்ச்சலோடு சமைத்த நாள், என் சம்பள உயர்வைச் சொல்ல வாயெடுத்தபோது டிவி சத்தத்தைக் கூட்டிய நாள், அப்பா இறந்த மறுவாரம் "இன்னும் அழுதுட்டா இருக்க?" என்று கேட்ட நாள். தனித்தனியாக எடுத்தால் எதுவும் பாதிக்கு மேல் வராது. யாரிடமாவது சொன்னால், இதுக்கா என்பார்கள். என் அக்காவே கேட்டாள், "குடிக்கறாரா? அடிக்கறாரா? வேற யார்கூடவாவது தொடர்பா? அப்புறம் என்னடி உனக்கு?" அக்காவுக்குப் பதில் சொல்ல என்னிடம் முழு எண் எதுவும் இல்லை.

ஒன்று இருந்தது. கல்யாணமான நாலாவது வருடம் நான் உண்டாகியிருந்தேன். மூன்று மாதம் இருந்தது, பிறகு இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். வெளியே நடைபாதையில் அவர் தன் அக்காவிடம் தொலைபேசியில் பேசியது கேட்டது. "ஒண்ணும் இல்லக்கா. ஆரம்பம்தான். ஒண்ணும் இல்ல." ஒன்பதில் மூன்று பாதிக்குக் கீழே. பூஜ்யமாக்கிவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. யாராவது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் அவர் பட்டென்று இல்லை என்று சொல்லிவிடுவார், நான் ஒரு கணம் தாமதிப்பேன். அந்த ஒரு கணத்தை அவர் கவனித்ததே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கூடத்தில் மண்டியிட்டுப் பெயர்ந்த கல் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்பார்களாம். தோளில் மாட்டிய பையைக்கூட நான் இறக்கவில்லை.

"பேங்க்குக்குப் போனேன். கடைசித் தவணையைப் புள்ளியோட கட்டச் சொன்னாளாமே அந்தப் பொண்ணு."

"சொன்னா."

"ஏன் கட்டலை?"

"எப்பவும் கட்டற மாதிரிதான் கட்டினேன்."

"தெரிஞ்சு விட்டீங்களா, தெரியாம விட்டீங்களா? அது ஒண்ணை மட்டும் சொல்லுங்க."

அவர் கல்லை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தார். விளிம்பில் பசை பிதுங்கியது. அதை விரலால் வழித்தார். "தெரியலை," என்றார்.

கடையில் நான் ஒவ்வொருவருக்கும் இரண்டு சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, முதல்ல போட்டது தெளிவா என்று கேட்பேன். பெரும்பாலானவர்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள். சிலர் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தெரியலை என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை என்பது என் அனுபவம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"உங்களுக்கு எல்லாமே உதிர்ந்துடற சில்லறை," என்றேன். "நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப உங்க அக்காகிட்ட என்ன சொன்னீங்க? ஒண்ணும் இல்லன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு. மூணு மாசம்ங்க. மூணு மாசம் உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

அவர் நிமிரவில்லை. கை கல்லின் மேலேயே இருந்தது.

"மூணு மாசமும் பதினோரு நாளும்," என்றார். "நீதான் எப்பவும் மூணு மாசம்னு சொல்லுவ."

பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளை நான் எங்கே விட்டேன் என்று அங்கேயே நின்று தேடினேன். டாக்டரிடம் கடைசியாகப் போன நாள், அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வாரம் நான் புளிப்பாக எதையோ கேட்டு அவர் வாங்கி வந்தது. எல்லாம் இருந்தன. இருந்தும் இத்தனை வருடமும் நான் மூன்று மாதம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், அக்காவிடமும், எனக்குள்ளேயும். பழி சொல்வதற்கு முழு எண்தான் வசதியாக இருந்தது போல.

"எல்லாத்தையும் புள்ளி வரைக்கும் சேத்து வச்சுக்கிட்டா மறுநாள் எந்திரிச்சு வேலைக்குப் போயிருக்க முடியாது," என்றார் அவர். "அதான் அக்காகிட்ட அப்படிச் சொன்னேன். அப்புறம் அதே பழக்கமாயிடுச்சு." பசைக் கரண்டியைத் துணியில் துடைத்தார். "நீ போறதுன்னா போ. பத்திரத்துக்காக நிக்காத. எங்க கையெழுத்துக் கேட்டாலும் வந்து போட்டுத் தர்றேன். நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்?"

கேட்க நினைத்ததையெல்லாம் ஒரே சாயங்காலத்தில் கேட்டுவிட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது, அதுவும் கோபத்தில் வந்த அழுகை. இதை அன்றைக்கே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளிடம் வந்து சொல்லியிருந்தால் என்ன? பத்துப் பதினைந்து வருடம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்துவிட்டு, நான் அறைக்கு முன்பணம் கொடுத்த பிறகு வந்து பதினோரு நாள் என்கிறார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இனி அவரை முழுசாக வெறுக்கவும் முடியாது. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பூப்போட்ட கல்லைப் பார்த்தபடி நின்றேன்.

மாதம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கடன் பிரிவுப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். மேலாளர் வழி கண்டுபிடித்துவிட்டாராம். குரலில் அவ்வளவு உற்சாகம். "வங்கிக்குள்ளேயே ஒரு கணக்குல இருந்து இன்னொரு கணக்குக்குப் புள்ளியோட மாத்தலாம் மேடம்! கடன் ரெண்டு பேர் பேர்ல இருக்கறதால, கணக்கும் ரெண்டு பேர் பேர்ல இருக்கணும். அவ்வளவுதான். நீங்களும் சாரும் சேந்து வந்து ஒரு கூட்டுக் கணக்கு ஆரம்பிச்சுடுங்க."

பிரிவதற்காகச் சேர்ந்து கணக்குத் தொடங்கினோம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். புகைப்படம் எடுக்கவேண்டும் என்று சொல்லி அந்தப் பெண் எங்களைச் சுவரோரம் நிறுத்தினாள். "கொஞ்சம் கிட்ட வாங்க சார்," என்றாள். அவர் அரை அடி நகர்ந்தார். கணக்கின் நோக்கம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அவள் கேட்டபோது நாங்கள் இருவரும் பேசாமல் இருந்ததால், அவளே குடும்பச் சேமிப்பு என்று நிரப்பிக்கொண்டாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒற்றை நாணயத்தை எடுத்து வைத்தார். அன்று திருப்பி எடுத்துக்கொண்ட அதே நாணயமோ என்னவோ.

புதுக் கணக்கில் ஒன்று ஏறியது. அதிலிருந்து புள்ளி மூன்று எட்டு கடன் கணக்குக்குப் போனது. நிலுவை என்ற சொல்லுக்கு எதிரே 0.00 வந்தது, மூடு என்ற பச்சைப் பட்டனும் வந்தது. அவள் அதை அழுத்துவதற்கு முன் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பதினைந்து வருடக் கடன் ஒரு டிக் சத்தத்தோடு முடிந்தது. பத்திரம் தலைமை அலுவலகத்திலிருந்து வர இன்னும் ஒரு மாதம் ஆகுமாம்.

"அப்ப இந்தப் புதுக் கணக்கு?" என்று நான் கேட்டேன். "இதையும் இப்பவே மூடிடலாமா?"

அவள் திரையைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போனது. "புள்ளி ஆறு ரெண்டு நிக்குதே மேடம்," என்றாள். "இதுவும் பூஜ்யம் வந்தாத்தான் மூட முடியும். இந்த வகைக் கணக்குல வெளி பேங்க் வரவும் கிடையாது, செலவும் கிடையாது, ரொக்கம் மட்டும்தான்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "இன்னொண்ணு போட்டா?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டு ஆகும் சார்."

"அதுலேர்ந்து ஒண்ணை எடுத்தா?"

"புள்ளி ஆறு ரெண்டு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அடுத்த கவுண்டரில் வரிசையில் நின்றவர்கள், கடன் அடைத்த சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். இனி பத்திரம் வரும், வீடு விலைபோகும், பாதி பாதியாகப் பிரியும். புள்ளி ஆறு இரண்டு மட்டும் எங்கள் இரண்டு பெயரையும் தாங்கிக்கொண்டு, எங்கள் காலத்துக்கும் அங்கேயே கிடக்கும். பாஸ்புத்தகம் ஒன்றுதான் தந்தாள். யார் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பேருந்தில் வந்தார்.

மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் காகிதக் கடைக்காரர் ஆறு மணி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மீதி முன்பணத்தைப் பையில் எடுத்துக்கொண்டேன். பெட்டி ஒன்றில் நாலைந்து புடவைகள், துண்டு, கடையில் போடும் வெள்ளை மேலங்கி. பத்திரம் அடுத்த மாதம் தானாக வந்துவிடும், அதைச் சொல்லி இனி நிற்க முடியாது. போகச் சொல்லியும் ஆயிற்று. இருந்தும் அலமாரியை மூன்று தடவை திறந்து மூடினேன். எதையோ மறந்துவிட்டதுபோல இருந்தது, எதை என்று தெரியவில்லை. அவர் உள்ளறையில் யாரோ ஒருவர் வீட்டு வரைபடத்தை விரித்து வைத்துக் கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பென்சில் சத்தம் கேட்டது. போய்ட்டு வர்றேன் என்று சொல்வதா, போறேன் என்று சொல்வதா என்று தெரியாமல் எதுவும் சொல்லாமல் வாசலுக்கு வந்தேன்.

வலது காலில் செருப்பை மாட்டியபோது பைக்குள் என் தொலைபேசி ஒலித்தது. அதே கணம் உள்ளறையில் அவருடையதும் ஒலித்தது. இரண்டும் ஒரே சத்தம். எடுத்துப் பார்த்தேன். எங்கள் கூட்டுக் கணக்கின் மாத இறுதி இருப்பு 0.62, இம்மாத வட்டி 0.00 என்று வங்கி தெரிவித்திருந்தது.

உள்ளே பென்சில் நின்றது. நாற்காலி நகர்ந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் அதைப் படித்திருப்பார்.

"உனக்கும் வந்துச்சா?" என்று கேட்டார்.

ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது. இன்னொரு கால் வாசலில் பதித்த அரைக்கல்லின் மேல் சில்லென்று இருந்தது.